சுருட்டின் தலையை வெட்டுவதா, துளைப்பதா?

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் என் மைத்துனருக்கு, அவரிடம் ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு வியாபாரி ஒருவர் வரும்போதெல்லாம் ஒரு பெட்டிச் சுருட்டு கொண்டுவந்து தருவது வழக்கம். சென்ற முறை பெட்டியோடு இரண்டு கருவிகளும் வந்தன. ஒன்று சுருட்டின் மூடிய தலையைச் சீவும் இரட்டை அலகுள்ள கட்டர். மற்றொன்று அந்தத் தலையில் வட்டத் துளை போடும், சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்ளும் பஞ்ச். அன்று மாலையே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கோவை கணபதியில் இருக்கும் என் பட்டறைக்கு வந்தவர், "மச்சானுங்க, இதை வெட்டோணுங்களா, குத்தோணுங்களா?" என்று கேட்டார். தகட்டை வெட்டுவதும் துளைப்பதுமாகவே பிழைப்பு நடத்துகிறவனிடம் கேட்க வேண்டிய கேள்விதான். அன்று அவருக்குச் சொன்னதையும், சொல்லத் தெரியாமல் விட்டுப் பிறகு செய்து பார்த்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

புகையிலை எந்த வடிவத்தில் வந்தாலும் தீங்குதான். புகையை நெஞ்சுக்குள் இழுக்காமல் வாயிலேயே வைத்திருந்து வெளியே விட்டாலும் சுருட்டு வாய்ப் புற்றுநோயையும் தொண்டைப் புற்றுநோயையும் வரவழைக்கக்கூடியது. ஆகவே இது யாரையும் புதிதாகப் பழக்குவதற்காக எழுதப்படவில்லை. எப்போதாவது ஒன்றைப் பற்றவைக்கிற வயது வந்தவர், அதைத் திறக்கும்போதே பாழாக்கிவிடாமல் இருப்பதற்கான குறிப்பு மட்டுமே.

தொப்பியும் தோளும்

நம் ஊர்ச் சுருட்டைப் பொறுத்தவரை இந்தக் கேள்வியே எழுவதில்லை. உறையூர், திண்டுக்கல் பக்கத்துச் சுருட்டு பெரும்பாலும் இரு முனையும் திறந்தே இருக்கும். என் அப்பாரு கிணற்று மேட்டில் உட்கார்ந்து, ஒரு முனையைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு மறுமுனையில் தீக்குச்சியைக் காட்டுவார். அவ்வளவுதான் அவருடைய சடங்கு. கருப்பராயனுக்குப் படைக்கிற சுருட்டுக்கும் யாரும் கட்டர் தேடியதில்லை. ஆங்கிலத்தில் செரூட் என்று வழங்கும் சொல் நம்முடைய சுருட்டிலிருந்து போனதே. அந்தச் சொல்லும் இரு முனை திறந்த வகையையே குறிக்கிறது.

கியூபா, நிகரகுவா, டொமினிக்கன் குடியரசு முதலிய நாடுகளிலிருந்து வரும் சிகார் அப்படியன்று. அதன் நடுவில் மடித்து வைத்த உள் இலைகளும், அவற்றைப் பிடித்து நிறுத்தும் கட்டு இலையும், அதற்கு மேல் பார்வைக்கு அழகாகச் சுற்றிய மேல் இலையும் இருக்கின்றன. மேல் இலை அடிமுனையிலிருந்து சாய்வாகச் சுற்றிக்கொண்டே போய்த் தலைமுனையில் முடிகிறது. முடிகிற இடத்தில் அது பிரிந்துவிடாமல் இருக்க, அதே இலையிலிருந்து வெட்டிய சிறு துண்டைச் சுவையற்ற தாவரப் பசையால் ஒட்டித் தலையை மூடிவிடுகிறார்கள். இந்தச் சிறு துண்டைத்தான் தொப்பி என்கிறேன். கியூபா முறையில் சுருட்டியதாக இருந்தால் வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கும்போது தலையருகே மெல்லிய வளையக் கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று தெரியும். உருண்ட தலை நேரான உடலோடு சேரும் வளைவைத் தோள் என்று வைத்துக்கொள்ளலாம். வெட்டினாலும் துளைத்தாலும் வேலை முழுவதும் இந்தத் தோளுக்கு மேலேயே முடிந்துவிட வேண்டும். தொப்பி முழுவதும் போய்விட்டால் மேல் இலையைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை. முடிச்சு அவிழ்ந்த வேட்டியைப் போல அது தானாகவே இறங்கத் தொடங்கும்.

எனக்கு இது கேள்விப்பட்ட சேதியன்று. ஆனைமலை அடிவாரத்தில் சித்தப்பாவின் தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், ஓர் ஆடி மாதத்துக் காற்றில், முதன்முதலாக ஒரு சிகாரை வெட்டினேன். தாராளமாகத் திறந்தால் தாராளமாகப் புகை வரும் என்று எண்ணிக்கொண்டு, தலையிலிருந்து ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் கீழே அலகை வைத்து அழுத்திவிட்டேன். இரண்டாவது இழுப்பிலேயே மேல் இலை உதட்டில் ஒட்டிக்கொண்டது. நான்காவது இழுப்பில் அரைச்சுற்றுப் பிரிந்து காற்றில் ஆடியது. சித்தப்பா கயிற்றுக் கட்டிலில் படுத்தபடியே, "ஏங்கண்ணு, தலையைச் சீவச் சொன்னாக் கழுத்தையே அறுத்துப் போட்டியே" என்றார். அதன் பிறகு எந்தச் சிகாரை எடுத்தாலும் முதலில் தோள் எங்கே என்று தேடிப் பார்க்காமல் நான் கருவியைத் தொடுவதில்லை.

இளநீர்க் கடையில் கிடைத்த விடை

பொள்ளாச்சிச் சாலையோர இளநீர்க் கடைகளில் இரண்டு வகைக் கைகளைப் பார்க்கலாம். ஒருவர் காயை இடக்கையில் ஏந்தி, அரிவாளால் மூன்று பக்கமும் சீவி, கடைசி வீச்சில் உச்சியை அப்படியே எடுத்துவிடுவார். வாய் வைத்தே குடிக்கலாம். மற்றவர் கூர்மையான எஃகுக் குழாய் ஒன்றை உச்சியில் வைத்துக் குத்தித் திருகி எடுப்பார். விரல் பருமனுக்கு ஒரு துளை விழும். உறிஞ்சு குழலைச் செருகிக் குடிக்க வேண்டும். குழல் போட்ட காயைப் போதாது என்று திருப்பிக் கொடுத்தால் கடைக்காரர் சிரித்துக்கொண்டே உச்சியைச் சீவிக் கொடுத்துவிடுவார். சீவிய காயில் யாரும் துளை போட முடியாது.

சிகாருக்கும் இதே கணக்குத்தான். நான் சொல்ல வருவதெல்லாம் இந்த ஒன்றில் அடங்கிவிடும்: இரண்டு கருவியும் கையில் இருந்து, சுருட்டின் வடிவமும் இடம் கொடுக்குமானால், முதலில் துளைத்துப் பாருங்கள், புகை வருவது போதவில்லை என்றால் அதே தலையை வெட்டிக்கொள்ளலாம். துளையை வெட்டாக மாற்ற ஒரு நொடி போதும். வெட்டிய தலையை மறுபடி மூட எந்தப் பசையாலும் முடியாது. கட்டர்தான் கம்பீரம் என்றும் பஞ்ச் சோம்பேறிகளின் கருவி என்றும் பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வெறும் பந்தா. சுருட்டுக்கு அது தெரியாது.

ஆயினும் இந்த விதி எல்லாச் சுருட்டுக்கும் பொருந்திவிடாது. தடிமன், தலையின் வடிவம், இலையின் ஈரம், பிடிக்கிறவருடைய வாய்ப்பழக்கம் ஆகிய நான்கையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இவற்றில் முதல் மூன்றும் கையில் இருக்கும் சுருட்டைத் தொட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

தடிமன்

சிகாரின் தடிமனை ரிங் கேஜ் என்ற அளவால் சொல்கிறார்கள். ஓர் அங்குலத்தை 64 பங்காக்கி, அதில் எத்தனை பங்கு விட்டம் என்பதே அந்த எண். 64 ரிங் என்றால் சரியாக ஓர் அங்குல விட்டம். 50 ரிங் என்றால் ஏறக்குறைய 19.8 மில்லிமீட்டர், 42 ரிங் என்றால் 16.7 மில்லிமீட்டர், 60 ரிங் என்றால் 23.8 மில்லிமீட்டர். பெட்டியில் எண் அச்சிட்டிருக்கவில்லை என்றால் வெர்னியர் காலிப்பரை மெல்ல வைத்து அளந்துகொள்ளலாம். இறுக்கிப் பிடித்தால் மேல் இலை நசுங்கிவிடும்.

சந்தையில் கிடைக்கும் பஞ்சுகள் பெரும்பாலும் 7 முதல் 10 மில்லிமீட்டர் வரை விட்டமுள்ளவை. 8 மில்லிமீட்டர் துளையின் பரப்பு ஏறத்தாழ 50 சதுர மில்லிமீட்டர். 50 ரிங் சுருட்டின் தலையைத் தோளுக்கு மேல் அளவோடு வெட்டினால் 15 மில்லிமீட்டர் விட்டத்துக்கு வாய் திறக்கும். அதன் பரப்பு 177 சதுர மில்லிமீட்டர். அதாவது வெட்டு, துளையைப் போல மூன்றரை மடங்கு. இதனால் புகையும் மூன்றரை மடங்கு வரும் என்று கணக்குப் போட்டுவிடக் கூடாது. புகைக்கு எதிர்ப்புக் கொடுப்பது பெரும்பாலும் ஐந்து அங்குல நீளத்துக்கு அடைத்து வைத்த உள் இலைகள்தாம். வாசல் அகலம் அதற்குப் பிறகே கணக்கில் வரும். நன்றாகச் சுருட்டிய சுருட்டில் 8 மில்லிமீட்டர் துளையும் தாராளமாகவே இழுக்கும். இறுக்கமாக அடைத்துவிட்ட சுருட்டில், தலை முழுவதையும் வெட்டினாலும் கன்னம் வலிக்கும்.

கொரோனா என்ற வகை போன்ற 42 ரிங் சுருட்டுகளையும் அவற்றைவிட மெல்லியவற்றையும் வெட்டுவதே நல்லது. 16.7 மில்லிமீட்டர் விட்டத்தில் 10 மில்லிமீட்டர் பஞ்சை வைத்தால், சுற்றிலும் எஞ்சுவது மூன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அதுவும் வளைந்து இறங்குகிற பகுதி. துளை ஒரு நூல் விலகினாலும் தோளில் போய்க் கிழியும். 38 ரிங் அளவில் வரும் ஒல்லியான லான்செரோவில் பஞ்சை நினைத்தே பார்க்க வேண்டாம்.

நடுத்தர வகை, அதாவது 46 முதல் 54 ரிங் வரை உள்ள ரொபஸ்டோ, டோரோ, சர்ச்சில் ஆகியவை, பஞ்சுக்கென்றே அமைந்தவை போல இருக்கும். 8 அல்லது 9 மில்லிமீட்டர் துளை போதும். மைத்துனரின் பெட்டியில் இருந்தவை 50 ரிங் ரொபஸ்டோக்கள். ஆகவே அன்றைக்கு விடை எளிதாகிவிட்டது.

60 ரிங் தடிச்சுருட்டுகளில் கருத்து வேறுபாடு உண்டு. வாயைப் பிளந்து பிடிக்க வேண்டிய சங்கடம் குறையும் என்று துளையையே விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். என் அனுபவத்தில், அவ்வளவு இலையும் எரிந்து வரும் புகை சிறு துளை வழியே வரும்போது சூடேறி, கடைசிப் பாதியில் கசக்கிறது. 10 மில்லிமீட்டருக்குக் குறையாத பஞ்ச் இருந்தால் துளைக்கலாம். இல்லாவிட்டால் வெட்டிவிடுவது மேல்.

கூம்புத் தலை

டார்பிடோ, பிரமிட் என்று தலை கூம்பி வரும் சுருட்டுகளைத் துளைக்கவே முடியாது. பஞ்சின் வாயைவிட அதன் நுனி சிறியது. வெட்டுவதிலும் அவசரப்படாமல் இருக்க வேண்டும். நுனியிலிருந்து மூன்று, நான்கு மில்லிமீட்டர் மட்டும் முதலில் எடுத்து, பற்றவைக்காமலே ஒரு முறை இழுத்துப் பார்த்து, போதவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் எடுக்கலாம். கூம்புத் தலையின் அருமையே இதுதான்: எவ்வளவு திறப்பு வேண்டும் என்பதை நம் விருப்பப்படி படிப்படியாக வைத்துக்கொள்ளலாம். அலகைக் கொஞ்சம் சாய்த்து வெட்டினால் திறப்பு நீள்வட்டமாகி, புகை மேலண்ணத்தை நோக்கி வரும் என்று சிலர் அப்படிச் செய்வார்கள். எனக்கு அதில் பெரிய வேறுபாடு தெரிந்ததில்லை.

துளைக்கும் முறை

தலையை உதட்டிலோ ஈர விரலிலோ ஒரு முறை தொட்டு எடுத்து, அரை நிமிடம் பொறுங்கள். அந்தச் சிறு ஈரத்தில் தொப்பி மிருதுவாகும். பஞ்சைத் தலையின் நட்ட நடுவில் செங்குத்தாக நிறுத்தி, சுருட்டை ஒரு கையிலும் பஞ்சை மறு கையிலுமாகப் பிடித்து, முதலில் அழுத்தாமல் அரைச்சுற்று முன்னும் பின்னும் திருகுங்கள். அலகு தொப்பியில் ஒரு வட்டக் கோடு போட்டுவிட்டது தெரிந்த பிறகே மெல்ல அழுத்தம் கொடுக்க வேண்டும். மூன்று, நான்கு மில்லிமீட்டர் ஆழம் போதும். திருகிக்கொண்டே வெளியே எடுத்தால் வட்டத் துண்டு அலகுக்குள்ளேயே வந்துவிடும். ஆணி அடிப்பது போல ஒரே குத்தாகக் குத்துகிறவர்களுக்கு இரண்டு தண்டனைகள் உண்டு: தொப்பி நட்சத்திரம் போல வெடிக்கும்; துளைக்குக் கீழே இருக்கும் உள் இலை அழுந்தி இறுகிப் புகை வராமல் அடைத்துக்கொள்ளும். அடைத்தது போலத் தோன்றினால் பல்குச்சியால் துளைக்குள் இருக்கும் இலையை லேசாக நெகிழ்த்திவிடுங்கள்.

கடைப் பஞ்ச் மழுங்கியிருந்ததால் நானே ஒன்று செய்து பார்த்தேன். பட்டறையில் கிடந்த, கருவி செய்ய உதவும் சில்வர் ஸ்டீல் என்ற எஃகுக் கம்பியை லேத்தில் கட்டி, வெளி விட்டம் 9 மில்லிமீட்டருக்குக் கடைந்து, உள்ளே 8 மில்லிமீட்டர் துளை போட்டு, வாயை வெளிப்பக்கமாகச் சாய்த்துக் கூர் செய்து, சூடேற்றி எண்ணெயில் தோய்த்துக் கடினப்படுத்தினேன். தோல் பட்டையில் வைத்துக் குத்தியபோது வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. சிகாரில் வைத்தேன், மூன்றில் இரண்டு வெடித்தன. காரணம் புரியச் சற்று நேரம் ஆயிற்று. கூர் வெளிப்பக்கம் சாய்ந்திருந்ததால் அலகு 8 மில்லிமீட்டரில் வெட்டிக்கொண்டு, பின்னால் வரும் 9 மில்லிமீட்டர் உடல் ஆப்பு போல நுழைந்து தொப்பியைச் சுற்றிலும் விரித்துவிட்டது. உள்ளே வரும் துண்டு அழகாக இருந்தது; வெளியே நிற்க வேண்டிய சுருட்டு உடைந்தது. மறுநாள் வெளிச் சாய்வை முழுவதும் கடைந்தெடுத்துவிட்டுச் சாய்வை உட்பக்கமாக மாற்றினேன். இப்போது 9 மில்லிமீட்டர் விளிம்பிலேயே வெட்டு விழுகிறது. நசுங்குவதெல்லாம் தூக்கி எறியப்போகும் துண்டுதான். அன்று முதல் தொப்பி வெடிப்பது ஏறக்குறைய நின்றுவிட்டது. கடையில் பஞ்ச் வாங்கும்போது அதன் வாயை வெளிச்சத்தில் காட்டி, சாய்வு எந்தப் பக்கம் என்று பாருங்கள். விளிம்பில் நகத்தை மெல்ல ஓட்டிப் பிசிர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

துளையின் குறை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். புகையில் வரும் ஈரமும் பிசினும் குறுகிய வாயில் குளிர்ந்து படிகின்றன. பாதிச் சுருட்டு எரிந்தபின் துளையைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் பிசுபிசுப்பு தோன்றினால், அடுத்த சில இழுப்புகளில் நாக்கில் சுருக்கென்ற கசப்பு வரும். வேகவேகமாக இழுக்கிறவர்களுக்கு இது சீக்கிரமே வரும். நிமிடத்துக்கு ஒரு முறை என்று நிதானமாக இழுத்தால் தள்ளிப்போகும். கசப்பு வந்த பிறகு துணியால் துடைத்துப் பார்க்கலாம். அதற்கும் அடங்கவில்லை என்றால் கட்டரை எடுத்துத் துளையோடு சேர்த்துத் தலையை இரண்டு மில்லிமீட்டருக்கு வெட்டிவிடுங்கள். எரிந்துகொண்டிருக்கும் சுருட்டை வெட்டுவதால் ஒன்றும் கெட்டுவிடாது; நெருப்பு மறுமுனையில்தான் இருக்கிறது. இந்த ஒரு வசதிக்காகவே, முதலில் துளைப்பவர் கட்டரையும் பையில் வைத்திருக்க வேண்டும்.

வெட்டும் முறை

ஒற்றை அலகுக் கட்டர் மலிவு. ஆனால் அலகு ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வருவதால், வெட்டுவதற்கு முன் தலையை மறுபக்கச் சுவரில் தள்ளி நசுக்கிவிடுகிறது. இரட்டை அலகில் இரு பக்கமும் ஒரே நேரத்தில் வெட்டு விழுவதால் சுருட்டு நடுவில் அசையாமல் நிற்கும். கத்தரிக்கோல் வடிவக் கட்டர் அழகுதான், கை நடுங்காதவர்களுக்கு. எதுவானாலும் கூர்தான் முக்கியம். ஒரு தாளை அலகுக்கிடையில் வைத்து வெட்டிப் பாருங்கள். மடித்து இழுத்தால் அது சுருட்டையும் அப்படித்தான் செய்யும்.

ஆழத்தைக் கண்ணால் மதிப்பிட முடியாதவர்களுக்கு ஓர் எளிய வழி இருக்கிறது. இரட்டை அலகுக் கட்டரைத் திறந்து, மேசை மேல் படுக்க வையுங்கள். சுருட்டைத் தலைகீழாகப் பிடித்து, தலை மேசையில் தொடும்வரை கட்டரின் ஓட்டைக்குள் இறக்குங்கள். அப்படியே அலகை மூடினால், மேசையிலிருந்து அலகு நிற்கும் உயரத்துக்கு, அதாவது இரண்டு மில்லிமீட்டர் போல, மட்டுமே வெட்டு விழும். கழுத்தறுக்கும் வாய்ப்பே இல்லை. உருண்ட தலைக்கு இது ஒருபோதும் தவறியதில்லை. கூம்புத் தலைக்கு மட்டும் இந்த ஆழம் போதாமல் போகலாம். இந்த வித்தை தெரிந்திருந்தால் சித்தப்பாவிடம் அன்று பேச்சு வாங்கியிருக்க மாட்டேன்.

வெட்டும்போது அலகுகள் தொப்பியைத் தொடும்வரை மெதுவாக மூடி, ஒரு கணம் நிறுத்தி, நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு தயங்காமல் ஒரே மூச்சில் மூடுங்கள். வாழைத்தார் வெட்டுகிறவர் கத்தியைத் தண்டில் வைத்துக்கொண்டு யோசிப்பதில்லை அல்லவா. தயங்கித் தயங்கி அழுத்தினால்தான் இலை கிழிகிறது.

மூன்றாவது வகையாக வி வடிவக் கட்டர் ஒன்றும் உண்டு. தலையில் ஒரு பள்ளம் மட்டும் தோண்டும். தொப்பியின் பெரும்பகுதி தங்கிவிடும், திறப்பும் பஞ்சைவிட அதிகம். ஆனால் சில கருவிகள் மிக ஆழமாகத் தோண்டுவதால் மெல்லிய சுருட்டில் தோளைத் தாண்டிவிடும். 48 ரிங்குக்கு மேல் என்றால் நம்பிப் பயன்படுத்தலாம். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. நான் அதை அதிகம் தொடுவதில்லை.

நம் ஊர்க் காற்று

வெளிநாட்டுக் குறிப்புகளைப் படித்துவிட்டு அப்படியே செய்கிறவர்கள் கோவையில் தவறுவது இந்த இடத்தில்தான். நாம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் இருக்கிறோம். மாசி, பங்குனியில் பகல் காற்று உலர்ந்து, வெளியே வைத்த அப்பளம் நமுத்துப்போவதற்குக்கூட நாளெடுக்கும். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்றில் ஈரம் இருந்தாலும், அதன் வேகத்தில் திறந்து வைத்த சுருட்டின் மேல் இலை சீராக இராது. ஏசி அறையோ எந்த மாதத்திலும் உலர்த்திவிடும். சிகாரை ஏறக்குறைய 65 முதல் 70 விழுக்காடு ஈரப்பதத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அதற்குக் கீழே போன சுருட்டில் தொப்பி அப்பளம்போல் ஆகிவிடும். அப்போது பஞ்ச் வைத்தால் உடையும். கூர் மழுங்கிய கட்டர் வைத்தாலும் உடையும்.

ஆகவே கருவியை எடுப்பதற்கு முன் சுருட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, மெல்ல அழுத்திப் பாருங்கள். கொஞ்சம் அமிழ்ந்து மறுபடி எழுந்தால் சரி. எந்தக் கருவியையும் பயன்படுத்தலாம். சருகுச் சத்தம் கேட்டால் அன்றைக்கு அதைத் திறக்க வேண்டாம். காற்றுப்புகாத டப்பாவில், உள்ளே ஈரத்தைச் சீராக வைக்கும், 69 விழுக்காடு என்று குறித்த ஈரப்பத உறை ஒன்றுடன் இரண்டு, மூன்று வாரம் வைத்திருந்தால் மெதுவாகத் திரும்பி வரும். அவசரப்பட்டுத் தண்ணீர் தெளிக்கிறவர்கள் மேல் இலையை வீங்க வைத்து வெடிக்கச் செய்கிறார்கள். இன்றே பற்றவைத்தாக வேண்டும் என்றால், தலையை மட்டும் ஈரப்படுத்தி ஒரு நிமிடம் விட்டு, கூரான இரட்டை அலகால் வெட்டிவிடுங்கள். உலர்ந்த சுருட்டில் முதலில் துளைத்துப் பார்க்கும் விதியை நான் கைவிடுகிறேன். மாறாக, ஈரம் மிகுந்து இலவம்பஞ்சு போல அமுங்குகிற சுருட்டில் உள் இலைகள் உப்பி அடைத்துக்கொள்வதால், துளை போதாது. அதையும் வெட்டத்தான் வேண்டும்.

நாம் துளைப்பதற்கு முன்பே வேறொருவர் துளைத்துவிடுவதும் உண்டு. 25 டிகிரிக்கு மேல் வெப்பம் இருக்கும் இடத்தில் புகையிலை வண்டின் முட்டை பொரிந்து, குண்டூசி பருமனுக்கு மேல் இலையில் ஓட்டை விழும். சித்திரை வெயிலில் காரில் விட்டுவைத்த பெட்டிக்கு இந்தக் கதி வரலாம். பக்கவாட்டில் அத்தகைய ஓட்டை இருந்தால் தலையை எப்படித் திறந்தாலும் காற்றுத்தான் வரும்.

வாய்ப்பழக்கம்

வெற்றிலையோடு புகையிலை போட்டுப் பழகியவர்களுக்குச் சுருட்டின் தலையைப் பல்லுக்கிடையில் வைத்து மெல்லும் வழக்கம் தானாகவே வந்துவிடுகிறது. வெட்டிய தலை அப்படி மெல்லப்பட்டால் அரைமணி நேரத்தில் துடைப்பம்போல விரிந்து, இலைத்துணுக்குகள் நாக்கில் ஒட்டும். துளையிட்ட தலையில் தொப்பியின் வளையம் முழுதாக நிற்பதால் அது தாக்குப்பிடிக்கும். உதட்டில் ஈரம் அதிகமுள்ளவர்களுக்கும் துளையே நல்லது. சுருட்டைக் கையிலேயே வைத்திருந்து, இழுக்கும்போது மட்டும் உதட்டுக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

எந்த முறையில் திறந்தாலும், பற்றவைப்பதற்கு முன் ஒரு முறை வெறுமனே இழுத்துப் பாருங்கள். இளநீர்க் குழலில் உறிஞ்சுவது போன்ற சிறு எதிர்ப்பு இருக்க வேண்டும். எதிர்ப்பே இல்லாமல் காற்று வந்தால் சுருட்டு சூடாகவும் விரைவாகவும் எரியும்; அதற்குத் துளையே போதும், வெட்ட நினைக்க வேண்டாம். கெட்டியான பாயசத்தைக் குழலில் உறிஞ்சுவது போல இருந்தால், நெருப்பு வைப்பதற்கு முன்பே வெட்டிவிடுங்கள். இடமும் பார்த்துக்கொள்ளுங்கள்: பொது இடங்களில் புகைப்பதற்கு 2008 அக்டோபர் 2 முதல் தடை இருக்கிறது. கல்யாண மண்டபத்துப் பந்தி முடிந்து வந்து நின்றபடி கட்டரை எடுப்பதைவிட, தோட்டத்துச் சாளைக்குப் போய்ச் சேரும்வரை பொறுப்பது நல்லது.

வேலை முடிந்ததும் பஞ்சுக்குள் தங்கிய வட்டத் துண்டைத் தென்னை ஈர்க்கால் தள்ளிவிடுங்கள். விட்டுவைத்தால் அது காய்ந்து இறுகி, அடுத்த முறை துண்டு உள்ளே ஏற இடமில்லாமல் தொப்பியை அழுத்தி உடைக்கும். கட்டர் அலகில் படியும் பிசினைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட் நனைத்த பருத்திப் பஞ்சால் துடைத்து, நன்றாக உலர விட்டு மூடி வையுங்கள். துரு வரும் என்று பயந்து எண்ணெய் போட வேண்டாம். பட்டறைப் பழக்கத்தில் நான் என் பஞ்சுக்கு எண்ணெய் தடவி வைத்திருந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மைத்துனர் பிடித்த ரொபஸ்டோவில் முதல் பத்து நிமிடமும் லேத் எண்ணெய் வாசம்தான் வந்ததாம்.